75 நிமிடம், 126 வண்டி: மிச்சிகன் மதுச்சோதனைச் சாவடி வழக்கும் சாவடிக்கு இடம் பார்க்கும் கணக்கும்

1986 மே மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காவல்துறை, சாகினா கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஒரு சாலையில் சாவடி போட்டு, வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்தியது. உதவிக்கு அந்தக் கவுன்டியின் ஷெரீப் அலுவலக ஆட்களும் வந்திருந்தார்கள். சாவடி இயங்கியது 75 நிமிடம். கடந்து போனது 126 வண்டி. ஒரு வண்டிக்கு ஆன தாமதம் சராசரியாக 25 விநாடி. இரண்டு ஓட்டுநர்களை ஓரங்கட்டிச் சோதித்ததில் ஒருவர் கைதானார். மூன்றாவதாக ஒருவர் நிறுத்தாமலே சாவடியைத் தாண்டிப் போனார். அவரைக் கண்காணிப்பு வண்டியில் இருந்த காவலர் மடக்கினார். அவர் மேலும் குடிபோதை வழக்குதான்.

ஆக, 126 வண்டிக்கு இரண்டு கைது. இந்தச் சின்னக் கணக்கு நான்கே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே காவல்துறை வென்றது. வென்ற பிறகும் மிச்சிகனில் இன்றுவரை அப்படி ஒரு சாவடி போட முடியவில்லை. சாவடியை எங்கே போடுவது, அந்த இடத்தை யார் முடிவு செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழக்கைவிட நல்ல பாடம் இல்லை.

சாவடிக்கு முந்தைய காகிதம்

சாலையில் நின்ற போலீஸ்காரர்கள் அவர்களாக யோசித்துப் போட்ட சாவடி அல்ல அது. 1986 தொடக்கத்திலேயே மாநிலக் காவல்துறை ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருந்தது. மாநில, உள்ளூர்க் காவல்துறையினர், அரசு வழக்கறிஞர்கள், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தார் ஆகியோர் அதில் இருந்தார்கள். சாவடியை எப்படி நடத்துவது, இடத்தை எப்படித் தேர்வது, முன்கூட்டி எப்படி அறிவிப்பது என்று விதிமுறை எழுதியது அந்தக் குழுதான். மாநிலச் சாலைகளில் தேர்ந்தெடுத்த இடத்தில் சாவடி இருக்கும். வரும் எல்லா வண்டியும் நிற்கும். ஓட்டுநரிடம் போதையின் அறிகுறி தெரிகிறதா என்று சில விநாடி பார்ப்பார்கள். தெரிந்தால் போக்குவரத்துக்கு வெளியே இருக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்பி, உரிமம், பதிவுச் சான்று பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த சோதனை. மற்றவர்கள் உடனே கிளம்பலாம்.

'எல்லா வண்டியும்' என்ற சொல்தான் இதில் முக்கியம். 1979-ல் டெலாவேர் மாநில வழக்கு ஒன்றில், ரோந்துக் காவலர் ஒருவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தன் விருப்பத்துக்கு ஒரு வண்டியை நிறுத்தி உரிமம் கேட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. காரணம், 'இவனை நிறுத்தலாம், அவனை விடலாம்' என்ற அதிகாரம் தனி ஆளின் கையில் இருந்தது. எல்லோரையும் நிறுத்தினால், அல்லது மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று முன்பே எழுதிவைத்த வரிசைப்படி நிறுத்தினால், அந்தக் குற்றச்சாட்டு எழாது. 1987-ல் கலிஃபோர்னியா மாநிலத்தின் சொந்த உச்ச நீதிமன்றம் இதையே வரையறையாக்கியது: முடிவை மேலதிகாரி எடுக்க வேண்டும், வண்டியைத் தேர்வதில் களக்காவலருக்கு விருப்புரிமை கூடாது, பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இடமும் நேரமும் நியாயமானவையாக இருக்க வேண்டும், போலீஸ் சாவடி என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், நிறுத்தும் நேரம் குறைவாக இருக்க வேண்டும், முன்கூட்டி விளம்பரம் வேண்டும். விளம்பரம் இல்லாததால் மட்டுமே ஒரு சாவடி சட்டவிரோதமாகிவிடாது என்று அதே நீதிமன்றம் 1993-ல் பின்னர் தெளிவுபடுத்தியது.

வழக்கு

சாவடி இயங்குவதற்கு முந்தைய நாளே வழக்குப் பதிவாகிவிட்டது. மிச்சிகனில் உரிமம் வைத்து வாடிக்கையாக வண்டி ஓட்டும் சிலர், வேய்ன் கவுன்டி நீதிமன்றத்தில் தடை கேட்டார்கள். விசாரணைக் கட்டத்திலேயே, தீர்ப்பு வரும்வரை வேறு சாவடி போடமாட்டோம் என்று காவல்துறை ஒப்புக்கொண்டது. அதனால் வழக்கு நடந்த காலம் முழுக்க அந்தத் திட்டத்தின் ஒரே சாவடியாக சாகினா சாவடிதான் இருந்தது. மொத்த வாதமும் அந்த 75 நிமிடத்தைச் சுற்றியே நடந்தது.

கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. குடிபோதையில் ஓட்டுவதைத் தடுப்பதில் அரசுக்குள்ள அக்கறையை யாரும் மறுக்கவில்லை. சாவடி பயனற்றது, அது சாதாரண ஓட்டுநரிடம் எழுப்பும் அச்சமும் திகைப்பும் பெரியது என்ற இரண்டும் சேர்ந்துதான் அரசைத் தோற்கடித்தன.

1990 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் திருப்பியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட். 25 விநாடி நிறுத்தம் சிறிய தொந்தரவுதான். கீழ் நீதிமன்றங்கள் அச்சத்தைத் தவறாக அளந்தன: குடித்தவர் பிடிபடப் பயப்படுவது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, சட்டத்தை மதிக்கும் ஓட்டுநரின் அச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்த வழி சிறந்தது என்று தேர்வது மக்களுக்குப் பதில் சொல்லும் அதிகாரிகளின் வேலை, அதை நீதிமன்றம் கையில் எடுக்கக் கூடாது. இவைதான் அவர் சொன்ன காரணங்கள். நீதிபதி பிளாக்மன் தனியாக எழுதி முடிவை மட்டும் ஒப்புக்கொண்டார். பிரென்னன், மார்ஷல், ஸ்டீவன்ஸ் மறுத்தார்கள்.

மறுப்பில் படிக்க வேண்டியது ஸ்டீவன்ஸ் எழுதியது. மேரிலாந்தில் பல ஆண்டுகளில் 125 சாவடி போட்டு, 41,000 ஓட்டுநர்களைக் கடக்கவிட்டு, கைது செய்தது 143 பேரை. அதாவது நூற்றுக்கு 0.3 தான். மிச்சிகனிலோ 1984-ல் மட்டும் சாவடியே இல்லாமல் 71,000 பேரைப் பிடித்திருந்தார்கள். அத்தனை ஆட்களைச் சாவடியில் நிறுத்துவதற்குப் பதில் ரோந்துக்கு விட்டிருந்தால் அதிகம் சிக்கியிருப்பார்கள் என்பது அவர் வாதம். சாவடியை ஆர்ப்பாட்டமான விளம்பர வித்தை என்ற அளவுக்கே கண்டித்தார்.

அந்தக் கண்டனத்தில் பாதி உண்மை இருக்கிறது. சாவடி ஒரு விளம்பரமேதான். அதனால்தான் அது வேலை செய்கிறது. மற்ற பாதி, கைது எண்ணிக்கையை வைத்து அதை அளந்தது, தவறு. பெரும்பான்மை நீதிபதிகளும் அதே வலையில் கால்வைத்தார்கள்: சாகினாவில் 1.6 சதவீதம், மற்ற மாநிலங்களில் பொதுவாக 1 சதவீதம், சட்டவிரோதக் குடியேறிகளைத் தேடிய முந்தைய எல்லைச் சாவடி வழக்கில் அதைவிடக் குறைவு, எனவே இது போதும் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து இன்டியானாபொலிஸ் வழக்கு வந்தது. 1998 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை போதைப்பொருள் தேடி ஆறு சாவடி. 1,161 வண்டியில் 104 கைது, ஏறத்தாழ 9 சதவீதம். சாகினாவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். 2000 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம் அதே 6-3 கணக்கில் அந்தச் சாவடிகளைச் செல்லாது என்றது. சாலையில் இருக்கும் ஆபத்தை அகற்றுவது சாவடியின் நோக்கம் என்றால் சரி. பொதுவான குற்றங்களைத் துப்புத்துலக்குவது நோக்கம் என்றால் கூடாது. 9 தோற்று 1.6 வென்றதற்கு வேறு விளக்கம் இல்லை.

இடம் பார்ப்பது

இனி களம். மதுச்சோதனைச் சாவடி மதுக்கடை வாசலில் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. வாசலில் நின்றால் அந்தக் கடைக்காரரைக் குறிவைத்ததாகும், வழக்கும் வரும். அதோடு வாடிக்கையாளர் ஒருவர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே சொன்னால் அன்றைய சாவடி முடிந்தது. பார்களும் உணவகங்களும் நெருக்கமாக இருக்கும் பகுதியிலிருந்து குடியிருப்புகளை நோக்கிப் போகும் பிரதான சாலையில், கொஞ்ச தூரம் தள்ளித்தான் இடம் பார்ப்பார்கள். பல தெருவிலிருந்து கிளம்பிய வண்டிகள் அங்கே ஒரே ஓடையாகச் சேர்ந்திருக்கும்.

தொடக்கம் வரைபடத்தில். முந்தைய சில ஆண்டுகளின் மது சம்பந்தப்பட்ட விபத்துகளையும் கைதுகளையும் சாலை, கிழமை, மணி வாரியாகப் புள்ளி வைப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் புள்ளிகள் குவியும். மிச்சிகனில் பார்கள் இரவு 2 மணிக்கு மூடும். எனவே அதற்கு முன்னும் பின்னுமான இரண்டு மூன்று மணி நேரம் கனமானது. கைதானவரிடம் 'கடைசியாக எங்கே குடித்தீர்கள்' என்று கேட்டுப் பதிவு செய்யும் ஊர்களில் இன்னொரு அடுக்கும் கிடைக்கும். இந்த வரைபடம் கோப்பில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் 'ஏன் இந்த இடம்' என்று கேட்கும்போது அதிகாரியின் அனுபவத்தைச் சொல்வதைவிட இந்தத் தாள்தான் நிற்கும்.

புள்ளி குவிந்த சாலையிலும் எல்லா இடமும் ஆகாது. முதலில் பார்வைத் தூரம். மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, சாலைப் பொறியாளர் கணக்குப்படி பார்த்து நிற்க ஏறத்தாழ 110 மீட்டர் வேண்டும். 55 மைல் வேகத்துக்கு 150 மீட்டர். இது தெளிவான ஓட்டுநருக்கு. வரவிருப்பவர்களில் சிலர் தெளிவாக இல்லை என்பதற்காகத்தானே சாவடியே. அதனால் வளைவுக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப்பக்கம், பாலத்தின் மேல் போடவே மாட்டார்கள். அதிவேக நெடுஞ்சாலையின் நடுவிலும் போடுவதில்லை. அதிலிருந்து இறங்கும் சரிவின் முடிவில் போடுவதுண்டு. எச்சரிக்கைப் பலகை, சுடர் விளக்கு, கூம்புகள், விளக்கெரியும் ரோந்து வண்டி எல்லாம் சாவடியிலிருந்து அல்ல, வரிசையின் வாலிலிருந்து அளந்து வைக்க வேண்டும். வால் நீள நீளப் பலகையும் பின்னால் நகர வேண்டும். புதிதாகச் சாவடி நடத்துபவர்கள் மறப்பது இதைத்தான். பலகையைத் தாண்டி வரிசை வளர்ந்தால் கடைசி வண்டியின் பின்னால் மோதுவதற்கு நாமே ஏற்பாடு செய்ததாகிவிடும்.

வால் எவ்வளவு நீளும்? சாகினா கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 75 நிமிடத்தில் 126 வண்டி என்றால் சராசரியாக 36 விநாடிக்கு ஒன்று. ஒரு வண்டிக்கு 25 விநாடி. ஒரே ஒரு ஆள் பார்த்தாலும் சமாளிக்கலாம், வண்டிகள் கொத்தாக வரும்போது மட்டும் சில நிமிடம் தேங்கும். இதே 25 விநாடியை மணிக்கு 600 வண்டி போகும் நகரச் சாலைக்குக் கொண்டுபோங்கள். 6 விநாடிக்கு ஒரு வண்டி. 600-ஐ 25-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்தால் 4.2; குறைந்தது ஐந்து காவலர் ஒரே நேரத்தில் ஐந்து வண்டியைப் பார்த்தால்தான் வரிசை கட்டுக்குள் இருக்கும். மூன்றே பேர் இருந்தால் மணிக்கு 432 வண்டிதான் போகும், மீதி 168 வண்டி நிற்கும். ஒரு வண்டிக்கு ஏழரை மீட்டர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் 1,260 மீட்டர் வால். அந்த நீளத்தில் எத்தனை குறுக்குத்தெரு, எத்தனை சிக்னல் அடைபடும் என்று பார்க்காமல் இடம் குறித்தவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வு மூன்று. ஆட்களைக் கூட்டுவது. ஐந்தில் ஒரு வண்டி என்று வரிசைச் சூத்திரத்தை மாற்றுவது. அல்லது வால் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதும் எல்லோரையும் போகவிட்டு, காலியானதும் மறுபடி தொடங்குவது. மூன்றில் எதுவானாலும் முடிவு மேற்பார்வை அதிகாரியுடையது, நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் களக்காவலர் தானாகவே 'அந்தக் கறுப்பு வண்டியை நிறுத்து, இதை விடு' என்று தொடங்கினால், அன்றிரவுக் கைதுகள் அத்தனையும் ஆட்டம் காணும்.

அடுத்து, ஓரங்கட்டும் இடம். சாவடிக்குச் சற்று அப்பால், வெளிச்சமுள்ள, சமதளமான, கல் மண் இல்லாத வாகன நிறுத்துமிடம் வேண்டும். சரிவில் நிறுத்தி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். மூச்சுச் சோதனை வேன், இழுவை வண்டி, கைதானவரின் வண்டியில் இருக்கும் குடும்பத்தினர் காத்திருக்க ஓரிடம், எல்லாம் அங்கே அடங்க வேண்டும். பள்ளி, தேவாலயம், அலுவலகம் ஆகியவற்றின் காலி மைதானங்களை அனுமதி வாங்கி எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

சாவடியைப் பார்த்ததும் திரும்பிவிடுபவர்களுக்காக முன்னால் ஒரு வண்டி நிற்கும். சாகினாவிலும் நின்றது. ஆனால் அங்கே நிறுத்தாமல் கடந்தவரைப் பிடித்தது வேறு, சட்டப்படி வளைந்து வேறு தெருவில் போனவரைப் பிடிப்பது வேறு. கலிஃபோர்னியாவில் திரும்பியது மட்டுமே நிறுத்தக் காரணமாகாது. சிக்னல் போடாமல் திரும்பினாலோ, இரட்டைக்கோட்டைத் தாண்டினாலோதான் கை வைக்கலாம். வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2000-ல் எதிர்மாறாக, சாவடியைப் பார்த்தவுடன் விலகுவதே நியாயமான சந்தேகம் தரும் என்றது. ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் இப்படி.

கண்ணாடி இறங்கிய பிறகு

25 விநாடியில் காவலர் பார்ப்பது சில விஷயங்களைத்தான்: மதுவாடை, சிவந்து நீர்கோத்த கண், குளறும் பேச்சு, உரிமத்தை எடுக்கத் தடுமாறும் விரல். ஓரங்கட்டிய பிறகு அமெரிக்கக் காவல்துறை முழுக்க ஒரே மாதிரியாகப் பயன்படுத்துவது மூன்று சோதனை. பேனா முனை போன்ற ஒன்றை முகத்திலிருந்து 12 முதல் 15 அங்குலத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்து மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். கருவிழி தொடர்வதில் துள்ளுகிறதா, 45 பாகைக்கு முன்பே துடிக்கத் தொடங்குகிறதா என்பவை உட்பட, கண்ணுக்கு மூன்றாக ஆறு அறிகுறி, நான்கு தென்பட்டால் அடுத்த கட்டம். பிறகு குதிகால்-விரல்நுனி ஒட்ட ஒன்பது காலடி நேர்கோட்டில் நடந்து, திரும்பி, ஒன்பது காலடி. கடைசியாக ஒற்றைக்காலில் 30 விநாடி. வயதானவர், மூட்டு வலிக்காரர், உயரமான குதிகால் செருப்புப் போட்டவர் ஆகியோருக்கு இந்தக் கடைசி இரண்டும் நியாயமில்லாதவை. பயிற்சிக் கையேடுகளே இதைச் சொல்கின்றன.

இறுதி எண் மூச்சுக் கருவியிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ வரும். மூச்சில் 2,100 மில்லியில் இருக்கும் ஆல்கஹாலும் ரத்தத்தில் 1 மில்லியில் இருப்பதும் சமம் என்ற கணக்கில் கருவி எண் தருகிறது. வாயில் மிச்சமிருக்கும் மது, ஏப்பத்தில் வந்தது, வாய்க்கழுவும் திரவம் எல்லாம் இந்த எண்ணை ஏற்றிவிடும். அதனால் ஆதாரமாகப் பயன்படும் சோதனைக்கு முன் 15 நிமிடம் ஆளைக் கண்ணெடுக்காமல் கவனிக்க வேண்டும், எதுவும் வாயில் போடக் கூடாது. பாதி நேரத்தில் கவனிப்பவர் வயர்லெஸ்ஸில் பேசப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. 1986-ல் மிச்சிகன் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம், இப்போது 80. இந்தியச் சட்டத்தின் வரம்பு 30, ஒப்பிட்டுப் பார்க்க.

இந்த முறையின் பெரிய ஓட்டை முதல் 25 விநாடியில்தான் இருக்கிறது. மூக்கையும் கண்ணையும் நம்பிப் பார்ப்பதால், வரம்பு மீறியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சாவடியைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழகிய குடிகாரருக்குப் பேச்சு குளறாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர் 17 முதல் இதற்கு நேர்வழி பிடித்தது: சந்தேகம் தேவையில்லை, நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரும் ஊத வேண்டும். அமெரிக்காவில் ஊதச் சொல்லவே சந்தேகம் வேண்டும் என்பதால் அங்கே அது நடக்கவில்லை. டார்ச் விளக்குக்குள் மூச்சுக்காற்றை நுகரும் உணரியை வைத்துச் சில ஊர்கள் ஈடுகட்டப் பார்த்தன.

ஓட்டை இருந்தும் பலன் இருக்கிறது. டென்னசி மாநிலம் 1994-95-ல் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 900 சாவடி போட்டு, தொலைக்காட்சியில் ஓயாமல் சொல்லியது. மது சம்பந்தப்பட்ட உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. குறைத்தவர்கள் பெரும்பாலும் சாவடியில் சிக்கியவர்கள் அல்ல, சாவடி இருக்கும் என்று நினைத்து வண்டிச் சாவியை எடுக்காதவர்கள். எனவே இடங்கள் கொஞ்சம் தெரிந்தவையாகவும் கொஞ்சம் தெரியாதவையாகவும் இருக்க வேண்டும். ஒரே திருப்பத்தில் மாதாமாதம் போட்டால் ஊரே மாற்றுவழி கண்டுபிடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்கொரு முறை இடம் மாற்றும் சின்னச் சாவடிகள் இதற்காக வந்தவை. நான்கைந்து பேரே போதும்.

மீண்டும் மிச்சிகன்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின், 1993-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மாநில அரசியலமைப்பைக் கையில் எடுத்தது. அமெரிக்க அரசியலமைப்பு அனுமதிக்கலாம். குற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்த, சந்தேகமே இல்லாமல் வண்டிகளை நிறுத்தும் உரிமைக்கு மிச்சிகன் அரசியலமைப்பின் வரலாற்றில் ஆதாரமில்லை என்று முடித்தது. மத்திய நீதிமன்றம் குறைந்தபட்சப் பாதுகாப்பைத்தான் சொல்லும், அதைவிடக் கூடுதலாகத் தர மாநிலத்துக்கு உரிமை உண்டு. வாஷிங்டன், ஓரிகன், ரோட் ஐலண்டு நீதிமன்றங்கள் 1990-க்கு முன்பே இந்த வழியில் போயிருந்தன. மினசோட்டா 1994-ல் சேர்ந்தது. டெக்சாஸில் காரணம் வேறு: மாநில அளவில் அதிகாரம் பெற்ற அமைப்பு ஏதாவது திட்டத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் சாவடி செல்லும் என்று 1994-ல் அங்குள்ள குற்றவியல் மேல் நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை.

மிச்சிகன் போலீஸ் செய்வது இப்போது ஸ்டீவன்ஸ் சொன்ன வேலையைத்தான்: விபத்துப் புள்ளிகள் குவிந்த அதே சாலைகளில், அதே மணிகளில், ரோந்து வண்டிகளைக் குவிப்பது. நிறுத்த ஒவ்வொரு முறையும் காரணம் வேண்டும். மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 24 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. தடத்துக்குள் அலைவது, அகலமாக வளைத்துத் திரும்புவது, பச்சை விழுந்தும் கிளம்பாமல் நிற்பது, விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவது, காரணமில்லாமல் சாலை நடுவில் நிற்பது போன்றவை. இந்த முறையில் நேராக ஓட்டத் தெரிந்த குடிகாரர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் சாகினாவில் 126 வண்டியில் கைதாகாத 124 பேரைப் போல, எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தப்படுவதும் இதில் குறைவு.